ஸர் ரிச்சர்டு கிரிபித்

பேரரசர், படைத்தலைவர், புலவர் ஆகியோரின் சரிதங்களை இம்மலரிற் படித்துப் பழகிய அன்பர்களுக்கு, யாம் இவ்வாண்டு நிலம் அளந்து விலை மதித்த ஒருவரின் வரலாற்றைச் சொல்லப் புகுவது சிறிது வியப்பளித்தல் கூடும். அவர் எந்நாட்டையும் வென்றவரல்லர், எக்காப்பியமும் இயற்றியவரல்லர். அயர்லாந்து தேயத்தின் ஒவ்வொரு வயலையும் ஒவ்வொரு குடிசையையும் ஆள் விட்டுப் பார்த்து, இஃது இன்னார் கையில் உள்ளது, இதன் ஆண்டு மதிப்பு இவ்வளவு என்று எழுதி அச்சிட்டு வைத்தார். அவ்வளவே அவர் செய்தது. ஆயினும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் ஐரிஷ் வழித்தோன்றல் ஒருவர், தம் முப்பாட்டனார் எவ்வூரினின்று கப்பலேறினார் என்றறிய விழைவாராயின், அவர் முதற்கண் தேடும் நூல்களுள் ஒன்று இப்பெரியார் தொகுத்த கணக்கே. அதனைக் கிரிபித் மதிப்பீடு என்று வழங்குவர். வரி விதிப்பதற்கென எழுந்த கணக்கு குலவரலாறு தேடுவார்க்கு ஊன்றுகோலான விதத்தை விளக்குவதே எம் கருத்து.

ரிச்சர்டு ஜான் கிரிபித் 1784ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள், டப்ளின் மாநகரில் ஹியூம் தெருவிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிற் பெரும்பொருள் ஈட்டித் தாயகம் திரும்பி, கில்டேர் கோட்டத்தில் மில்லிசென்ட் என்னும் பண்ணையை வாங்கி, ஐரிஷ் பார்லிமெண்டிலும் உறுப்பினராய் இருந்தவர். ஆகவே நம் இந்திய நாட்டிற் சேர்ந்த செல்வம் இவ்வரலாற்றின் தொடக்கத்திலும் சிறிது கலந்துள்ளது. பாட்டியார் எலிசபெத் கிரிபித் நாவல்களும் நாடகங்களும் எழுதிப் புகழ் பெற்ற அம்மையார். பேரரோ எழுத்தை விடுத்து எண்ணைப் பற்றினார்.

பதினைந்து வயதிலேயே ராயல் ஐரிஷ் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். 1801இல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டபோது அப்படையும் ஆங்கிலப் படையுடன் கலந்துவிட, இளைஞர் பணியைத் துறந்து கல்வியை நாடினார். இலண்டனில் வில்லியம் நிக்கல்ஸன் என்பாரிடம் இரசாயனமும், கார்ன்வால் சுரங்கங்களில் தொழில் நுட்பமும், எடின்பரோவில் பேராசிரியர் ஜேம்ஸனிடம் கனிப்பொருள் நூலும் பயின்றார். 1807இல், இருபத்து மூன்று வயது நிரம்புமுன்னரோ நிரம்பிய அளவிலோ, எடின்பரோ ராயல் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றது. நம் போன்ற மாணவர் பரீட்சைக்கு அஞ்சி நிற்கும் பருவம் அது!

1809இல் அயர்லாந்தின் சதுப்பு நிலங்களை ஆராய ஒரு குழு அமைந்தது. அந்நாட்டின் நடுவே காதக்கணக்கிற் பரந்து கிடக்கும் கரிமண் சேற்று நிலங்களை வடித்து உழவுக்குக் கொண்டுவரலாகுமா என்பதே வினா. கிரிபித் அக்குழுவின் பொறியாளருள் ஒருவராகி, ஆலன் சதுப்பின் கீழ்ப்பகுதியை முதலில் அளந்தார். நான்காண்டுகள் முழங்காற் சேற்றில் நடந்ததன் பயனாக, மண்ணை மேலாகப் பார்த்து மதிக்கலாகாது, தோண்டிப் பார்த்தே மதிக்க வேண்டும் என்னும் பாடத்தை அவர் கற்றிருத்தல் வேண்டும் என்பது எம் ஊகம். பின்னர் அவர் வகுத்த விதிகள் யாவும் அப்பாடத்தையே அடியாகக் கொண்டுள்ளன. 1812இல் டப்ளின் ராயல் சங்கத்தின் சுரங்கப் பொறியாளர் ஆனார். அவ்வாண்டே ஸ்காட்லாந்தைச் சார்ந்த மரியா ஜேன் வால்டி என்னும் மங்கையை மணந்தார்.

1822இல் தென்மேற்கு அயர்லாந்திற் பஞ்சமும் குடிகளின் கலகமும் ஒருங்கே தோன்றின. கார்க், கெர்ரி, லிமெரிக் கோட்டங்களில் சாலையிட்டு ஏழைகட்கு வேலை கொடுக்குமாறு அரசினர் கிரிபித்தை அனுப்பினர். வண்டி செல்லும் வழியே இல்லாத மலைநாடு அது. வெண்ணெயைக் குதிரை முதுகிலேற்றிக் கார்க் நகரச் சந்தைக்குக் கொண்டு செல்வர். கிரிபித் எட்டாண்டுக் காலம் அங்கே சாலைகளை வகுத்தார். சாலை வந்த சில ஆண்டுகளில் வண்டிகள் ஓடின. குடிகள் சுண்ணாம்பு கொணர்ந்து வயலில் இட்டனர். புதிய வீடுகள் எழுந்தன. ஒரே மண், ஒரே மழை. சாலை ஒன்று வந்தமையால் நிலத்தின் மதிப்பு ஏறிற்று. இதனைக் கண்ணாற் கண்டவர் பின்னாளில் நிலத்துக்கு விலை மதித்தபொழுது, சந்தை எவ்வளவு தொலைவு என்பதையும் கணக்கிற் சேர்த்தார்.

இனி அவர்தம் பெரும்பணிக்கு வருவோம். அயர்லாந்தின் கோட்டங்கள் பாரனி எனவும், பாரிஷ் எனவும், அவற்றினுள் டவுன்லாண்டு எனவும் பகுக்கப்பட்டவை. டவுன்லாண்டு என்பது பெயரில் டவுன் இருப்பினும் பட்டணமன்று; சில நூறு ஏக்கர் கொண்ட, தனிப்பெயர் பூண்ட சிறு நிலப்பகுதி. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய பகுதிகள் அத்தீவில் உள. அவற்றின் எல்லைகள் ஓடையென்றும் பாறையென்றும் பழைய வேலியென்றும் ஊர் முதியோர் நினைவிலே கிடந்தன. கோட்ட வரி இவற்றின்மீது மிகப் பழைய அளவுகளின்படி விதிக்கப்பட்டமையின், வளமுள்ள ஊர் குறைவாகவும் வறண்ட ஊர் மிகுதியாகவும் இறுத்து வந்தது. இவ்வநீதியை நீக்கும்பொருட்டுக் கர்னல் கோல்பி என்பாரின் தலைமையில், ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்னும் அளவில் நாடு முழுவதையும் படமாக வரையத் தொடங்கினர். படம் வரைவார்க்கு எல்லை தெரிய வேண்டும். அதனைக் காட்டும் பொறுப்பு 1825இல் கிரிபித்தினிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தம் ஆட்கள் எல்லையறிந்த ஊராரை முன்னே நடக்கவிட்டு, அவர் காட்டிய வரையைக் குறித்துக்கொண்டு பின் நடந்தனர். எழுதா நினைவு எழுத்தில் ஏறியது அந்நடையில்தான்.

மதிப்பீட்டுச் சட்டம் 1826இல் நிறைவேறியது. கிரிபித் அதன் ஆணையாளரானார். 1830இல் லண்டன்டெரி கோட்டத்தில் வேலை தொடங்கிற்று. மதிப்பீட்டாளர் மண்வெட்டியுடன் வயலிற் சென்று, மேல்மண்ணையும் அடிமண்ணையும் தோண்டிப் பார்த்தனர். களிமண்ணா, மணலா, சுண்ணமண்ணா, கரிமண்ணா என்று வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம், காற்றடிக்கும் சரிவா, சந்தைக்கு எவ்வளவு தூரம் என்பவற்றுக்கேற்ப மதிப்பைக் கூட்டியும் குறைத்தும் எழுதினர். வீடுகளுக்கும் தரமுண்டு: கற்சுவரும் பலகைக்கல் கூரையும் உடையது ஒரு வகை, மண்சுவரும் வைக்கோற் கூரையும் உடையது வேறொரு வகை, அவற்றின் புதுமை பழமைக்கு எழுத்துக் குறிகள் இட்டனர். ஊருக்கு ஊர் மதிப்பீட்டாளர் மாறினும் அளவுகோல் மாறலாகாது என்பதே அவர் கொண்ட உறுதி. 1852ஆம் ஆண்டுச் சட்டத்தில் விளைபொருள் விலைகளே எழுதி வைக்கப்பட்டன: ஓர் அந்தர், அஃதாவது 112 ராத்தல், கோதுமை 7 ஷில்லிங் 6 பென்ஸ், ஓட்ஸ் 4 ஷில்லிங் 10 பென்ஸ், வெண்ணெய் 65 ஷில்லிங் 4 பென்ஸ். இவ்விலைகளே நாடெங்கும் கணக்குக்கு அடிப்படையாயின.

முதலில் இவர் டவுன்லாண்டை ஒரு தொகுதியாகவே மதித்தார். ஆட்களின் பெயர் அச்சேறவில்லை. ஆனால் 1838இல் ஏழையர் காப்புச் சட்டம் வந்து, ஒவ்வொரு குடியும் தன் நிலத்துக்கேற்ப வரியிறுக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கென ஆங்காங்கே செய்த மதிப்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போகவே, 1846ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 1852ஆம் ஆண்டுச் சட்டமும் எழுந்தன. ஒவ்வொருவர் கைப்பற்றையும் தனித்தனியே மதிக்கும் முறை ஏற்பட்டது. 1847 முதல் 1864 வரை கோட்டம் கோட்டமாக இக்கணக்கு அச்சிடப்பட்டது. சுமார் பத்து இலட்சம் பெயர்கள் அதிற் காணப்படும்.

அதன் ஒரு பக்கத்தை முதன்முதற் பார்த்தபொழுது, முன்னாளில் நம் ஊர்க் கர்ணம் எழுதிவந்த அடங்கலே யாம் நினைவுகூர்ந்தது. தலைப்பில் பாரனி, பாரிஷ், டவுன்லாண்டு. ஓரத்தில் படத்தைச் சுட்டும் எண். அடுத்து நிலத்தை அனுபவிப்பவர் பெயர். அதற்கடுத்து அவருக்கு நேரே குத்தகைக்கு விட்டவர் பெயர். பின்னர் வீடு, தொழுவம், நிலம் என்ற விவரம். ஏக்கர், ரூட், பெர்ச் என்ற பரப்பு. இறுதியில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியே ஆண்டு மதிப்பு. ஒருவர் நிலம் பல துண்டாயின் பெரிய எழுத்தும், ஒரே துண்டில் பல வீடுகள் இருப்பின் சிறிய எழுத்தும் எண்ணோடு சேரும். ஓரூரில் ஒரே பெயருடையார் இருவர் இருப்பின், தந்தை பெயரையோ செம்முடியன் போன்ற அடைமொழியையோ சேர்த்து வேறுபடுத்துவர். இந்த அடைமொழிகளைக் காணுந்தோறும் எமக்குக் கணக்குப் புத்தகம் என்பது மறந்து, ஒரு சிற்றூரின் தெருவில் நிற்பது போன்ற உணர்வு உண்டாகின்றது.

ஆயினும் இக்கணக்கு எழுந்த காலத்தை நாம் மறத்தலாகாது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. 1841ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 81,75,124 ஆக இருந்த மக்கள் தொகை, 1851இல் 65,52,385 ஆகக் குறைந்தது. மாண்டவர் பாதியும் கடல் கடந்தவர் பாதியுமாகப் பதினாறு இலட்சத்தின் மேற்பட்டோர் கணக்கினின்று மறைந்தனர். இத்துயரில் மதிப்பீட்டு எண்ணுக்கும் ஒரு பங்குண்டு. 1843ஆம் ஆண்டுச் சட்டப்படி, 4 பவுனும் அதற்குக் குறைவும் மதிப்புள்ள நிலங்களுக்கு ஏழையர் வரியைக் குடியன்றி நிலக்கிழாரே செலுத்த வேண்டும். ஏழையைக் காக்க வகுத்த விதி இது. பஞ்சத்தில் வரி ஏற ஏற, சிறு குடிகளை அகற்றி வீட்டை இடித்துவிட்டால் வரிச்சுமை குறையும் என்று கிழார் பலர் கண்டுகொண்டனர். அரசினர் எழுதிய எண் நான்கா ஐந்தா என்பது ஒரு குடும்பத்தின் கூரையை நிறுத்தவோ வீழ்த்தவோ வல்லதாயிற்று. அவ்விதியை இயற்றியவர் கிரிபித் அல்லர். பஞ்சக் காலத்தில் அவர் பொதுப் பணி வாரியத்தின் துணைத் தலைவராய் இருந்து நிவாரண வேலைகளின் சுமையையும் தாங்கியவர். எனினும், அளவுகோலைச் செவ்வையாகப் பிடிப்பவன் அதனால் அளக்கப்படுவானுக்கு நேர்வதை எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்னும் வினா எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

இவரது புகழுக்கு மற்றொரு தூண், அயர்லாந்தின் நிலவியற் படம். எந்த நிலத்தடியில் எந்தப் பாறை உளது என்று வண்ணமிட்டுக் காட்டும் அப்படத்தை இளமை முதலே வரைந்து வந்தார். பெரிய அளவிலான பதிப்பு 1839இல் வெளிவந்தது. பின்னரும் பலகாற் திருத்தினார். 1854இல் இலண்டன் நிலவியற் சங்கம் உல்லாஸ்டன் பதக்கத்தை இவருக்கு வழங்கிற்று. அயர்லாந்தின் நிலவியலுக்குத் தந்தை என்று இவரைப் போற்றுவர்.

இவ்விடத்து ஒரு செய்தியை யாம் மறைத்தல் முறையன்று. அப்படத்துக்கு வேண்டிய குறிப்புகளில் மிகப்பல, மதிப்பீட்டு அலுவலகத்துச் சிப்பந்திகள் மலைகளில் அலைந்து திரட்டியவை. அவருள் தலையாயவர் பாட்ரிக் கான்லி என்பவர். கல்லின் அடுக்குகளிற் காணும் சாய்கோடுகளைக் கொண்டு எப்பக்கம் மேலே இருந்தது, எப்பக்கம் கீழே இருந்தது என்றறியும் வழியைத் தாமே கண்டுபிடித்த கூர்மதியர். அவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் தலைவரிடம் வந்து சேர்ந்தன. படமோ தலைவர் பெயரொன்றையே தாங்கி வெளிவந்தது. கான்லியின் பணி உலகுக்குத் தெரிந்தது, அக்கடிதங்கள் வெளிப்பட்ட 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில். மதிப்பீட்டுக்கென அளித்த பணத்தில் நிலவியல் ஆராய்வதை அரசினர் விரும்பார் என்பதால் கிரிபித் அவ்வேலையை வெளிப்படையாகக் கூறாதிருந்தார் என்பர். அது காரணமாகலாம்; முழு விடையாகாது. பத்து இலட்சம் ஏழைக் குடிகளின் பெயரைப் பிழையின்றி அச்சிட்டவர், தம் அருகே உழைத்த ஒருவரின் பெயரை எழுத மறந்தார் என்பதே எமக்கு இச்சரிதத்தில் நெருடும் இடம்.

1850இல் பொதுப் பணி வாரியத்தின் தலைமை இவரை அடைந்தது. 1858இல் பாரனெட் பட்டம் பெற்றார். 1864இல் தலைமையினின்றும், 1868இல், எண்பத்து நான்கு வயதில், மதிப்பீட்டு ஆணையினின்றும் விலகினார். மனைவியார் 1865இல் முன்னரே காலமாயினார். 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், தொண்ணூற்று நான்கு வயது நிரம்பிய இரண்டாம் நாள், டப்ளினில் பிட்ஸ்வில்லியம் பிளேஸ் இல்லத்தில் உயிர் நீத்தார். மவுண்ட் ஜெரோம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த இரண்டாண்டுகளுள் அவர்தம் பெயர் அந்நாட்டுக் குடிகள் அனைவர் வாயிலும் முழங்கிற்று. 1880இல் நிலக் கழகத்தார், குத்தகை மிகுதி, கிரிபித் மதிப்பு எவ்வளவோ அவ்வளவே கொடுப்போம் என்று உறுதி பூண்டனர். உண்மையில் அம்மதிப்பு குத்தகை அளவைக் குறிக்க எழுந்ததன்று; பஞ்சத்தை ஒட்டிய மலிவான விலைகளைத் தழுவி வரிக்கென வகுத்தது. நிலக்கிழார் இதை எடுத்துரைத்தும் குடிகள் கேட்டிலர். அரசாங்கமே அச்சிட்ட எண்ணைவிடச் சிறந்த சான்று ஏழைக்கு வேறேது? ஒரு காலத்திற் குடிசைகளை வீழ்த்த உதவிய புத்தகம், மற்றொரு காலத்திற் குடிகளின் கையிற் கேடயமாயிற்று. வேளாண் நிலத்தின்மீது வரி விதிக்க அம்மதிப்பையே அந்நாட்டார் நெடுங்காலம் கையாண்டனர். பழைய மதிப்புகள் சமனற்றவை என்று 1984இல் அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரில், டப்ளின் போர் கோர்ட்ஸ் கட்டடத்தை அடுத்திருந்த அரசாங்க ஆவணக் களஞ்சியம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாய்ப் பறந்து நகரின்மீது வீழ்ந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிமதிப்பு ஏடுகளிற் பெரும்பாலானவை அன்று அழிந்தன. 1861, 1871 ஆண்டுகளின் ஏடுகளை முன்னரே அரசினர் ஆணையிட்டு அழித்திருந்தனர். 1881, 1891 ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப் போரிற் கூழாக்கப்பட்டன. ஆகவே நாடு முழுமைக்கும் எஞ்சிய குடிமதிப்பு 1901, 1911 ஆண்டுகளுக்குரியவையே. அதற்கு முன்னே ஒருவர் வாழ்ந்த ஊரை அறிய வேண்டின், பல படிகளாக அச்சேறி எங்கும் பரவியிருந்த கிரிபித்தின் கணக்கே பெருந்துணை. அதற்கு முந்திய தசமபாக வரிப் புத்தகங்கள் 1823க்கும் 1838க்கும் இடைப்பட்டவை. 1708இல் ஏற்பட்ட பத்திரப் பதிவகமும் தீயினின்று தப்பியது. ஆயினும் பத்திரம் எழுதி வைத்தவர் செல்வரும் நடுத்தரத்தினருமே.

தேடுவோர் சில குறிப்புகளை உணர்தல் வேண்டும். குலப்பெயரின் முன்னுள்ள ஓ, மாக் என்னும் ஒட்டுகள் பலவிடத்து விடுபட்டிருக்கும். ஒருவர் பெயருக்கு முன் பிரதிநிதிகள் என்றிருப்பின் அவர் இறந்து, நிலம் மக்களிடத்து இருக்கின்றது என்பது பொருள். கைம்பெண்டிர் பெயரும் உண்டு. கூலியாள், மற்றொருவர் வீட்டில் ஒதுங்கியிருந்தவன், மனைவி, மக்கள் ஆகியோர் பெயரைத் தேடிப் பயனில்லை. நம்முள்ளும் பலர்க்குப் பாட்டனார் பெயருக்கு அப்பால் ஒன்றும் தெரியாதன்றோ! ஆகலின், ஆயிரங் காதம் கடந்து வந்தவர், அம்மஞ்சட் பக்கத்தில் தம் குலப்பெயரைக் கண்டு, படத்தின் எண்ணைக் கொண்டு அந்த வயலின் வேலியருகே நிற்கும்பொழுது கண் கலங்குதல் இயல்பே.

அச்சிட்ட நூலுடன் கணக்கு முடிந்ததன்று. மதிப்பீட்டு அலுவலகத்தார் கைப்பிரதிகளை வைத்துக்கொண்டு, நிலம் கைம்மாறுந்தோறும் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதினர். காலத்துக்குக் காலம் வேறு வேறு நிற மையைப் பயன்படுத்தி, ஓரத்தில் ஆண்டையும் குறித்தனர். தந்தை பெயரின்மேல் ஒரு கோடு. அதன்மேல் மகன் பெயர் வேறொரு நிறத்தில். பின்னர் அதற்கும் ஒரு கோடு. அவ்வாறு வரிவரியாக நான்கு தலைமுறையைத் தொடரலாம். சில வரிகளில் அடித்த பெயரின்மேல் வேறு பெயர் இல்லை. வீடு வீழ்ந்தது என்ற குறிப்பும் ஓர் ஆண்டும் மட்டுமே உள.